என் மகளுக்கும் கழிவு போட்டார்கள்

மூன்றடி தூரத்தில் ஒரு டொக்டர் உட்கார்ந்திருக்கும்போது, படித்த பெண் ஒருத்தி எதற்காகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டொக்டரைத் தேடி நாலு கிலோமீட்டர் போவாள்?

இந்தக் கேள்வியை என் கணவர் ஆறு வருடங்களாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். விருந்தாளிகள் இருந்தால் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார். பதற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். தாய்ப்பாசம் என்றேன். தூக்கம் போதவில்லை என்றேன். எதுவும் எடுபடவில்லை. (எனக்கே எடுபடவில்லை, அவருக்கு எப்படி எடுபடும்?) அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதற்கும் மேலே, தோட்டத்தின் ஒரு பிரிவாக, எங்கள் டிவிசன். இப்போதெல்லாம் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிதான், வீட்டில் யாரும் பெற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்திக்கு வலி எடுத்தால் முதலில் தட்டப்படுவது மருத்துவச்சி வீட்டுக் கதவுதான். எங்கள் டிவிசனில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள். வலி நிஜமா பொய்யா என்று பார்ப்பார்கள், லொறிக்கு ஆள் அனுப்புவார்கள், கூடவே ஏறி வருவார்கள், மழையில் பாதை உடைந்து லொறி வராவிட்டால் பிள்ளையையும் எடுத்துவிடுவார்கள். எல்லாம் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்தான். கேட்டுக்கு அப்பால் அவர்களுக்கு அனுமதி இல்லை.

அவர்களில் என் தலைப்பிரசவத்துக்கு வந்தவர் செவனம்மா பெரியம்மா. மலை இறங்கும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டில் காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். அந்தக் கை விலகியது. உள்ளே ஒன்பது மணி நேரம் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கம்பி நல்ல கம்பிதான். ஆனால் அது “இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு” என்று பொய் சொல்லாது.

மகள் பிறந்து மூன்று மாதமானபோது ஒரு திட்டம் வந்தது. தோட்டத்து மருத்துவச்சிகளுக்கு ஆறு சனிக்கிழமை பயிற்சி. முடிவில் ஒரு டொக்டர் வந்து சோதிப்பார். தேறினால் படம் ஒட்டிய கார்டு. அந்தக் கார்டைக் காட்டினால் பிரசவ வார்டு வரை தாயுடன் உள்ளே போகலாம். ஐந்து பேருக்கும் வேண்டியிருந்தது அந்தக் கார்டு. எனக்கோ அவர்களைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

பாலர் பாடசாலை டீச்சர் என்பதால் பயிற்சி கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நகரத்தில் மூன்று நாள் வகுப்பு எடுத்து, கையில் ஒரு கைநூலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி இருந்தது. அதில் மகள் பால் குடித்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுவேன். இடது பதினொன்று, வலது ஒன்பது. மலத்தின் நிறத்துக்குத் தனிப் பத்தி. தும்மலுக்கு ஒரு பத்தி. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அதில் குழந்தை விழித்து அழும். அழுதால் ஏன் அழுகிறது என்று கைநூலைப் பார்ப்பேன். “புள்ளயப் பாரு, பொஸ்தகத்தப் பாக்காத” என்று மாமியார் சொன்னால், அதையும் யோசித்து, அப்படிச் சொல்லலாமா என்று கைநூலில் தேடுவேன்.

இப்படிப்பட்டவள்தான், நூறு பிரசவம் பார்த்த ஐந்து பெண்களுக்குப் பிரசவ வலி என்றால் என்ன என்று விளக்கினேன்.

வகுப்பு பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தொழிலாளர்கள் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. சின்னஞ்சிறு நாற்காலிகள்தான் இருந்தன. ஐவரும் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், குறிப்பெடுப்பார். மற்றவர்கள் மனப்பாடம். பால் குடிக்காத பிள்ளை, காய்ச்சல் காயும் பிள்ளை, எடை இறங்கும் பிள்ளை என்று ஆபத்து அறிகுறிகளை ஒப்பிக்க வைத்தேன்.

“ஆபத்துன்னா என்ன செய்யணும்?” என்பேன்.

“தாமதிக்கப்படாது!” என்று ஐந்து குரலும் ஒன்றாக வரும்.

“போற வழியில?”

“புள்ளய நெஞ்சோட ஒட்டி வைக்கணும், தலைக்குத் தொப்பி போடணும், பால் குடுத்துக்கிட்டே போகணும், கிளினிக் கொப்பிய மறக்கப்படாது!”

“தாய்?”

“தாயத் தனியா விடப்படாது!”

எனக்குக் கண் கலங்கும். இந்தப் பயிற்சி உருப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நாலாவது வாரத்தில் எடை பார்க்கும் பாடம் வந்தது. திட்டத்திலிருந்து வரவேண்டிய குழந்தைத் தராசு வந்து சேரவில்லை. வேறு யாராக இருந்தாலும் வரட்டும் என்று விட்டிருப்பார்கள். நானோ கடமை தவறாதவள். நேரே கொழுந்து மடுவத்துக்குப் போனேன். பறித்த கொழுந்தை நிறுத்து, எடைக்கேற்பக் கணக்கப்பிள்ளை கூலி எழுதும் கொட்டகை அது. கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி, உபரியாக இருந்த டிஜிட்டல் தொங்குதராசு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். டெட்டோல் போட்டு மூன்று தடவை துடைத்து, பிள்ளைக்காம்பராவின் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டு, பருத்திச் சேலையில் தூளி கட்டினேன். மாதிரிக் குழந்தை? இருக்கவே இருக்கிறாள் என் மகள்.

திரும்பிப் பார்த்தால், ஐந்து பேரும் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். நான் நிற்கச் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்தத் தராசுக் கொக்கிக்கு முன்னால் நின்ற கால்கள், தானாகவே நின்றுவிட்டன. முகமும் மாறிவிட்டது. இவ்வளவு நாளும் என்னைச் சின்னப்பிள்ளை என்று பார்த்தவர்கள், அன்றைக்குக் கணக்கப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மகளைத் தூளியில் வைத்தோம். ஆறு கிலோ நானூறு என்று காட்டியது.

“இப்ப, துணியோட எடையைக் கழிக்கணும்” என்றேன்.

செவனம்மா தூளியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

“நீங்களுமா டீச்சர்?” என்றார் செவனம்மா.

“என்ன பெரியம்மா?”

“முப்பத்திரெண்டு வருசம் கழிச்சாங்க. சாக்குக்குக் கழிச்சாங்க, தண்ணிக்குக் கழிச்சாங்க, முத்தின எலைன்னு கழிச்சாங்க. பச்சப் புள்ளைக்கும் கழிவா? எங்க கையால அது நடக்காது.”

“ஆமா டீச்சர், பாவம்” என்றார் பாக்கியம் அக்கா. கொப்பியில் ஆறு நானூறு என்று எழுதி, யாரும் மாற்றாதபடி அடியில் கோடும் போட்டார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இது வேறு, அது வேறு. இரண்டு கிலோ நானூறு எடையுள்ள சிசுவைத் துணியோடு நிறுத்து இரண்டு அறுநூறு என்று எழுதினால், மெலிந்த பிள்ளை நல்ல பிள்ளையாகிவிடும், கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்றேன். தலையாட்டினார்கள். ஆனால் அது நம்பாத தலையாட்டல். அடுத்த வாரம் கடைசிக்கு முந்திய வகுப்பு. வேறு இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கி வந்து நிறுத்தார்கள். கழிக்கவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. (இருபத்தாறு வயதில் எனக்கு வருடத்துக்கு ஒருதடவைதான் கோபம் வரும். அதுவும் தவறான நேரத்தில் வரும்.)

“டொக்டர் மிஸ் முன்னால கழிக்காம விட்டீங்கன்னா கார்டு கிடைக்காது. ஒருத்தருக்கும் கிடைக்காது. கழிக்க வேண்டியதெல்லாம் கழிச்சுத்தான் ஆகணும்!”

“எல்லாத்தையுமா?” என்றார் செவனம்மா.

“எல்லாத்தையும்தான்!”

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். எதற்கெல்லாமோ யோசிப்பவள் அதற்கு யோசிக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை காலை. ஐந்து பேரும் கோயிலுக்குப் போவதுபோல் உடுத்தி, தலையில் பூ வைத்து வந்தார்கள். டொக்டர் மிஸ் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். சிங்களவர், மலைநாட்டில் வேலை செய்து தமிழ் பழகியவர். சின்ன நாற்காலியில் சிரமப்படாமல் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஒவ்வொருவரும் அருமையாகப் பதில் சொன்னார்கள். நான் மூலையில் நின்று அவர்களோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் என் பாதி மனம் வேறிடத்தில் இருந்தது. மகள் அன்று காலையில் இடது பக்கம் ஆறு நிமிடம்தான் குடித்திருந்தாள். வலது பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“சரி, இப்ப பேபியை நிறுத்துக் காட்டுங்க” என்றார் டொக்டர் மிஸ்.

செவனம்மா முன்னால் வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தூளியைப் பிடித்து நிறுத்தி, ஒரு கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் தராசுக்கு இந்தப் பக்கம் நின்றவர், முதல்தடவையாக அந்தப் பக்கம் நின்றார். குரலே மாறிவிட்டது. பாக்கியம் அக்காவின் காதில் ஏதோ சொன்னார். பாக்கியம் அக்கா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்.

“எவ்வளவு?” என்றார் டொக்டர் மிஸ்.

“அஞ்சு கிலோ தொள்ளாயிரம்!” என்று மடுவத்துக் குரலில் அறிவித்தார் செவனம்மா.

இரண்டு வாரத்துக்கு முன் ஆறு நானூறு. இன்று ஐந்து தொள்ளாயிரம். அரைக் கிலோ! இரண்டு வாரத்தில் என் பிள்ளை அரைக் கிலோ இறங்கியிருக்கிறாள்! எடை இறங்குவது ஆபத்து அறிகுறி. ஆபத்து என்றால் தாமதிக்கக் கூடாது. இதை ஆறு வாரம் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான்.

ஒரே பாய்ச்சலில் மகளைத் தூளியிலிருந்து எடுத்தேன். டொக்டர் மிஸ் எழுந்தார். இனி நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் என் கணவர் இதை அப்படியே நடித்துக் காட்டுவார்.

“மன்னிச்சுக்குங்க மிஸ், நான் அவசரமா ஒரு டொக்டரப் பாக்கணும்” என்று டொக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

செருப்பு வாசலில் கிடந்தது. போடவில்லை. கீழே மடுவத்தில் காலைக் கொழுந்தை ஏற்றிய லொறி புறப்படத் தயாராக நின்றது. பின்பக்கமாக ஏறிக் கொழுந்துச் சாக்குகளின் மேல் விழுந்தேன். “ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!” என்று கத்தினேன். லொறி அசையும்போது பின்னால் தடதடவென்று சத்தம். பூ வைத்த ஐந்து தலைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. அறுபது வயதுக்காரர்கள் அந்த உயரம் எப்படி ஏறினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

“நீங்க ஏன் வர்றீங்க? சோதனை நடக்குது! கார்டு போயிரும்!” என்றேன் அழுதுகொண்டே.

“தாயத் தனியா விடப்படாது” என்றார் செவனம்மா.

அதற்குப் பிறகு அந்த லொறியில் நடந்ததெல்லாம் கைநூலின் ஏழாம் பாடம். பாக்கியம் அக்கா இடுப்பில் செருகியிருந்த தலைத்துணியைக் கிழித்து, முடிச்சுப் போட்டு மகளுக்குத் தொப்பியாக்கினார். ஒருவர் மகளை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். இன்னொருவர் ரவிக்கைக்குள்ளிருந்து மகளின் கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். நான் மறந்துவிட்டு ஓடி வந்ததை அவர் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

“பால் குடுங்க டீச்சர்.”

“இப்பவா? லொறியிலயா?”

“குடுத்துக்கிட்டே போகணும்னு சொன்னது யாரு?”

நாலு பேர் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திரை கட்டினார்கள். கொழுந்துச் சாக்கின் மேல் குலுங்கிக் குலுங்கிப் பால் கொடுத்தேன். மகள் இரண்டு பக்கமும் குடித்தாள். இவ்வளவு ஆர்வமாக அவள் குடித்து நான் பார்த்ததே இல்லை. நிமிடம் குறிக்கக் கொப்பி இல்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை வந்தது. கடைத்தெருவில் நின்றவர்கள் எல்லாம் லொறியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி கேட்டில் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பில்லாத கால், தலையெல்லாம் தேயிலை, அழுது வீங்கிய முகம். குழந்தையோ அவரைப் பார்த்துச் சிரித்தது. நோயாளி யாரென்று அவரே தீர்மானித்துவிட்டார். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்.

“மத்தவங்க வெளியில” என்றார்.

ஐந்து பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அதே கேட். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே தள்ளப்பட்டேன்.

உள்ளே நிறுத்தார்கள். ஆறு கிலோ முந்நூறு.

“பிள்ளை நல்லாயிருக்கு. நீங்கதான் தண்ணி குடிக்கணும்” என்றார் நேர்ஸ்.

“நூறு கிராம் குறைஞ்சிருக்கே மிஸ்! ஆறு நானூறு இருந்திச்சு!” என்று மறுபடி அழத் தொடங்கினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆறு நானூறு, துணியோடு நிறுத்தது. கழிக்க வேண்டும் என்று அத்தனை கத்திய நானும் அதைக் கழிக்கவில்லை.

அப்போது வாசலில் டொக்டர் மிஸ் வந்து நின்றார். கையில் என் செருப்பு.

“நான் டொக்டர்தானே?” என்றார் மெதுவாக. “நான் அங்க இருந்தேன்தானே?”

செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அவர் மகளைத் தொட்டுப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், கிளினிக் கொப்பியைப் புரட்டினார். “ஆறு முந்நூறு எப்படி அஞ்சு தொள்ளாயிரம் ஆச்சு? வாங்க, அவங்ககிட்டயே கேப்போம்” என்று கேட்டுக்கு நடந்தார். ஆறு வார உழைப்பும் ஐந்து கார்டும் என் ஓட்டத்தில் போய்விட்டன. இனி எங்கள் டிவிசன் பெண்கள் எல்லோரும் என்னைப்போலவே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கேட்டில் ஐவரும் பழையபடி வரிசையாக நின்றார்கள்.

“தராசு எவ்வளவு காட்டிச்சு அம்மா?” என்றார் டொக்டர் மிஸ்.

“ஆறு ஐநூறு” என்றார் செவனம்மா.

“பிறகு?”

“டீச்சர் எல்லாத்தையும் கழிக்கச் சொன்னாங்க. கழிச்சோம். துணிக்கு எரநூறு. புள்ள ஒண்ணுக்குப் போயிருந்திச்சு, ஈரத்துக்கு முந்நூறு.”

“அது ஐநூறு. ஆறு கிலோ வரணும். இன்னும் நூறு எதுக்கு?”

செவனம்மா பாக்கியம் அக்காவைப் பார்த்தார். பாக்கியம் அக்கா கொப்பியைப் பார்த்தார்.

“அது எதுக்குன்னு கணக்கப்பிள்ளை எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்ல மிஸ்” என்றார் செவனம்மா. “கேட்டா, அது அப்பிடித்தான்னுவாரு. அதனால நாங்களும் கேக்கல. கழிச்சிட்டோம்.”

டொக்டர் மிஸ் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தொப்பி யார் போட்டது? பால் கொடுக்கச் சொன்னது யார்? கொப்பி யார் எடுத்தது? ஏன் சோதனையை விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலாளி கேட்டைத் திறந்தார். ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் எங்கே போவதென்று தெரியாமல், புல்லை மிதிக்காமல், பாதையோரமாக நின்றார்கள்.

உள்ளே தராசருகே கூட்டிப்போய் டொக்டர் மிஸ் ஒரு பொத்தானைக் காட்டினார். துணியை மட்டும் முதலில் வை, பொத்தானை அழுத்து, எண் பூச்சியமாகிவிடும். பிறகு பிள்ளையை வை. கழிக்கவே வேண்டாம்.

“இந்தப் பொத்தான் மடுவத்துத் தராசுலயும் இருக்கா மிஸ்?” என்றார் பாக்கியம் அக்கா.

“இருக்கும்.”

திங்கட்கிழமை காலை அவர்களுடைய மகள்மாரும் மருமகள்மாரும் மடுவத்தில் வெறும் சாக்கை முதலில் தொங்கவிட்டு, “பொத்தான அமத்துங்க” என்று நின்றார்களாம். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. கணக்கப்பிள்ளை எனக்கு அதற்குப் பிறகு ஒரு குண்டூசியும் இரவல் தந்ததில்லை.

மாதம் முடிவதற்குள் ஐந்து பேருக்கும் கார்டு வந்தது. கூட வந்த கடிதத்தில் என் பெயரும் இருந்தது. அடுத்த பயிற்சியில் மாணவியாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கலந்துகொண்டேன். சின்ன நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தேன். தேறினேன். (இரண்டாம் தடவையில்.)

என் மகளுக்கு யதுஷிகா என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். டிவிசனில் யாருக்கும் அது தெரியாது. “அரைக்கிலோ” என்றால்தான் தெரியும். முதலாம் வகுப்பில் சித்திரக் கொப்பியின் மேல் தன் பெயரை அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். வீட்டில் நான் எதற்காவது பதறினால் மாமியார், “டொக்டரக் கூப்பிடவா, இல்ல டொக்டர்கிட்ட சொல்லிட்டு ஓடப்போறியா?” என்பார்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை. செவனம்மா பெரியம்மாதான் கார்டோடு கூட வரப்போகிறார். இந்தத் தடவை கை விலகாது. அதில் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் போன வாரம் வந்தவர், பிள்ளை பிறந்ததும் எடை போடுவதைத் தான் நேரில் நின்று பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “அவங்க சரியாக் கழிக்கிறாங்களான்னு பாக்கணும்ல?” என்றார். அவர் கட்டாயம் உள்ளே வர வேண்டும். ஆனால் தராசுப் பக்கம் போகக் கூடாது. இதை அவர் மனம் நோகாமல், கார்டுக்கும் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது? இரண்டு மாதம்தான் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.